ஏழாவது படியின் கணு

தனி ஆளாக ஏணிக் கடை நடத்திய ஒன்பது வருடமும், கூரை ஒழுகினால் ஏணிக்காரருக்கு மூக்கு ஒழுகியது. ஷட்டர் சிக்கிய நாட்களில் அவருக்கு வாய் திறக்காது, வீட்டில் கொஞ்சம் நிம்மதியாக இருந்தார்கள். "சட்டப்படி கடை வேற, நீங்க வேற இல்லையே. பின்ன எப்படி இருக்கும்?" என்றார் ஆடிட்டர், சளிக்கு மருந்து சொல்பவர் போல. பாரத்தைப் பங்கு போட, மனைவியின் தம்பியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார் ஏணிக்காரர். பத்திரத்தில் கையெழுத்துக் காய்வதற்குள் மச்சானும் தும்மினான். ஒருவர் செய்ததற்கு இருவரும் பொறுப்பு என்று மூன்றாம் பக்கத்தில் இருந்ததை, மாமா மேல் வைத்த மரியாதையில் அவன் படிக்கவேயில்லை.

கூட்டுச் சேர்ந்த ஐந்தாம் வருடம், அவசரமாகச் செய்த ஓர் ஏணியின் ஏழாவது படியில் கண்ணளவுக்கு ஒரு கணு இருந்தது. ஏணிக்காரர் அதைப் பார்த்தார். நல்ல கட்டை மாடியில் கிடந்தது. ஊருக்கெல்லாம் ஏணி செய்கிறவருக்கு மாடி ஏற அலுப்பு. கணுவில் பட்டி வைத்துத் தேய்த்து, வார்னிஷ் அடித்து விற்றுவிட்டார். மறுவாரம் அந்தப் படி முறிந்து பெயின்டர் ஒருவர் விழுந்தார். வலது கால் போயிற்று. அதே நேரத்தில் கடையில் இருவரும் வலது காலை நொண்ட ஆரம்பித்தார்கள். "மரத்தை நம்பவே முடியாது மாமா" என்று மச்சான்தான் ஆறுதல் சொன்னான். அவன் காலை இழுத்து இழுத்து மகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போவதை ஏணிக்காரர் ஜன்னல் வழியே இரண்டு வருடம் பார்த்தார். சொல்ல வாயெடுப்பார், ஷட்டர் நன்றாக இருந்தும் வாய் சிக்கிக்கொள்ளும்.

"கம்பெனியாக்கிடுங்க. பிரைவேட் லிமிடெட். சட்டப்படி அது தனி ஆளு" என்றார் ஆடிட்டர். "பழசையும் அதுவே ஏத்துக்கும். பழி வீட்டுக்கு வராது."

பதிவுச் சான்றிதழ் வந்த காலையில் இருவர் காலும் நேரானது. மச்சான் தெருவில் குதித்தே காட்டினான். உள்ளே ஸ்டூலில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். வயது ஒரு நாள்; சட்டையில் ரப்பர் ஸ்டாம்பு மை வாசனை. எழுந்து வணக்கம் வைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு, நல்ல கட்டை எடுக்க மாடி ஏறினார். அன்று பதினோரு தடவை ஏறினார். மச்சானாவது முனகுவான், இவர் முனகவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. ஒரு மாதத்துக்கு ஏணிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தக் கால் எனக்கே திரும்ப வேணும்" என்று ஆடிட்டரிடம் மறுபடி போய் நின்றார்.

"எல்லாரும் பொறுப்பைக் கழட்டி விட வருவாங்க. நீங்க மாட்டிக்க வர்றீங்களா?" ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "சொந்த ஜாமீன் எழுதிக் குடுக்கலாம். ஆனா காரணம் போடணும்."

'கணுவைப் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாற்காலியை விட்டு எழுந்தபோது கால் இழுத்தது. காகிதத்தை முதலில் மச்சானிடம் நீட்டினார். அவன் இரண்டு தடவை படித்தான். "என் பொண்ணு என்னை மாதிரியே நொண்டி நடந்து காட்டுவா மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒன்பது நாள் கடைக்கு வரவில்லை.

அடுத்து வீடு தேடிப் போய் நீட்டியபோது, பெயின்டர் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "பட்டி வைக்கிறது என் தொழிலுங்க. உடைஞ்ச படியைப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. உங்க மச்சான் நொண்டினப்பதான் மனசு கேக்கல" என்றார். ஏணிக்காரரின் காலை ஒரு தடவை பார்த்தார். "இப்பச் சரியா இருக்கு."

அதற்குப் பிறகு ஏணிக்காரரின் கால் நேராகவே இல்லை. கணு உள்ள கட்டை வந்தால் அவரேதான் மாடி ஏறுவார். கால் நேரான கம்பெனி பின்னாலேயே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போகும். நடுப்படியில் மூச்சு வாங்க அதைப் போட்டுக் கொடுக்கும்.