மழைக்குள் ஒரு குடை

"முடிக்காத ஒண்ணை எப்படி நான்..."

"முடிச்சவங்க யாரு இங்க, சொல்லுங்க பார்ப்போம்..."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம, இன்னிக்கு என் கேம்தான்னு குரூப்ல போட்டுட்டு..."

"கேட்டா வேண்டாம்பீங்க. அதான் கேக்கலை அண்ணி."

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றேன்!"

"இப்ப சொல்லி என்ன? எல்லாரும் வீட்டை விட்டுக் கிளம்பியாச்சு."

பல் டாக்டருக்கும் அவள் நாத்தனாருக்கும் இந்தச் சண்டை நடந்தது கிளினிக்கின் முன்னறையில், ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேஜையை நகர்த்திக்கொண்டே. வாய்தான் சண்டை போட்டது, மேஜை கோணாமல் போனது. பழக்கம் அப்படி. மற்ற நாட்களில் அந்த அறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம் மட்டும் கம்ப்யூட்டர் கேம் செய்கிறவர்கள் வந்து கூடுவார்கள். நாத்தனார் அங்கே ரிசப்ஷனிஸ்ட். கூட்டத்து ஞாயிறுகளில் வரவேற்பதும் அவள்தான், டீ போடுவதும் அவள்தான்.

கூட்டத்தை ஆரம்பித்தவள் டாக்டர். வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்காரர்களுக்குக்கூடச் சொல்லாமல் கேம் செய்துகொண்டிருந்தவர்களை வலைபோட்டுப் பிடித்தாள். மழை, இடி, காலடி என்று சத்தங்களைச் சேர்த்துவைக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர், பல் பிடுங்க வந்த இடத்தில் வாயில் பஞ்சோடு அகப்பட்டார். இப்போது எல்லாருக்கும் அவர் 'சவுண்டு'. பஸ் டிரைவர் ஒருவர் தானாகவே வந்தார். அவர் செய்வது பந்தயக் கேம். அதில் ஓடுவதெல்லாம் பஸ்.

கூட்டத்துக்குச் சட்டம் ஒன்றுதான், அதுவும் டாக்டர் போட்டது. கேமை இன்னொருவர் விளையாடும்போது, செய்தவர் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டும். "அங்க போங்க", "இதை அழுத்துங்க", எதுவும் கூடாது. மீறினால் அன்றைய டீ கிளாஸ் எல்லாம் அவர் கழுவவேண்டும். "வாங்கிட்டுப் போறவங்க வீட்டுக்கெல்லாம் கூடவே போய் உக்காந்து சொல்லித் தருவீங்களா?" என்று கேட்பாள். பகலெல்லாம் வாயைத் திற, வாயைத் திற என்கிறவள் இங்கே வந்தால் வாயை மூடு என்கிறாள் என்று டிரைவருக்கு ஒரு தீராத குறை. அதிகம் கிளாஸ் கழுவினவரும் அவர்தான்.

இத்தனையும் செய்தவள் தன் கேமை மட்டும் ஒருநாளும் காட்டியதில்லை. முடியட்டும், முடியட்டும் என்று வருஷங்கள் போய்க்கொண்டிருந்தன.

"ஊருக்குத்தான் உபதேசமா அண்ணி?" நாத்தனார் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டாள். "போன தடவை மருந்துக்கடையில வேலை செய்யுற பொண்ணு வந்தாளே, நினைவிருக்கா? பையை மடியில வெச்சுக்கிட்டு, கடைசிவரைக்கும் திறக்கவே இல்லை. படியிறங்கும்போது என்ன சொன்னா தெரியுமா? 'டாக்டரே இன்னும் காட்டலையாம், நான் எந்த மூலைக்கு'ன்னா."

டாக்டர் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தாள்.

"அப்படியா சொன்னா?"

"அவ வாயால சொன்னா. மத்தவங்க மனசுல சொல்லிட்டு நின்னுட்டாங்க. நாற்காலி எண்ணிக்கை குறைஞ்சுட்டே வருதே, நீங்க பார்க்கலையா?"

பார்க்காமல் என்ன. கூட்டம் கரைந்துகொண்டிருப்பது அவளுக்கும் தெரியும். அதற்குக் காரணம் தானே என்றுதான் நினைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லை ஒரே இழுப்பில் பிடுங்குகிறவள், தன் லேப்டாப்பை அந்த மேஜையில் மூன்று தடவை இடம் மாற்றி வைத்தாள்.

எல்லாரும் வந்தார்கள். மருந்துக்கடைப் பெண்ணும் வந்து, கதவோரமாக, எழுந்து ஓடத் தோதான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். பை மடியிலேயே இருந்தது.

"யாரு ஆடப்போறது?"

"நான்!" டிரைவர் முந்திக்கொண்டார். "டாக்டர், ஸ்டூல் உங்களுக்கு. வாய் மூடுற சுகத்தை நீங்களும் கொஞ்சம் அனுபவிங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கேமில் ஆடுகிறவர் ஒரு குடை. யாரோ ஒருவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடை. மழையில் யார் கையிலெடுக்கிறார்களோ அவர்களோடு போகும். குடையைச் சாய்த்தால் பிடித்திருப்பவரும் அந்தப் பக்கம் திரும்புவார். இப்படியே கைமாறிக் கைமாறி, மேட்டின்மேல் விளக்கெரியும் வீட்டுக்கு, உரியவரிடம் போய்ச் சேரவேண்டும். அந்த வீட்டைத்தான் டாக்டர் வருஷக்கணக்கில் இழைத்து இழைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

குடை ஒரு தபால்காரர் கையிலிருந்து, சதுக்கத்தில் அட்டைப்பெட்டியோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கைக்குப் போனது. அவளை விட்டு மேட்டுப்பக்கம் போகும் ஆளிடம் மாறவேண்டும். டிரைவர் மாறவில்லை.

'விடு, அவளை விடு' என்று டாக்டர் உள்ளுக்குள் கதறினாள். அந்தப் பெண் யாருமில்லை. தெரு வெறிச்சென்று இருக்கிறதே என்று, சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வரும்படி விட்ட ஒரு பொம்மை.

"பெட்டி நனையுதுய்யா!" என்றார் சவுண்டு.

"தெரியுது, தெரியுது. காத்து இந்தப் பக்கம் அடிக்குது."

"இன்னும் சாய்ங்க. நடைபாதையில ஏத்துங்க, வேன் வருது பாருங்க."

"வண்டி ஓட்டுறவன்கிட்டயே சொல்றீங்களா?"

குடை சாய்ந்தது. வேன் வாரியடித்த சேறு குடைமேல் பட்டுத் தெறித்தது. பெட்டி நனையவில்லை. அறையில் ஒரே கைதட்டல்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?" என்று ஒரு குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. டாக்டர் திரும்பிப் பார்த்தாள். மருந்துக்கடைப் பெண். கதவோரத்திலிருந்து நாற்காலியோடு எப்போது முன்னால் வந்தாளோ.

"பூனைக்குட்டி," என்றார் சவுண்டு.

"பூனைக்குட்டின்னா இப்படியா அசையாம இருக்கும்? புத்தகம்."

பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்பது டாக்டருக்குத்தான் தெரியும். அது பழுப்புநிறத்தில் ஒரு கட்டம். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டின்மேல் அத்தனை விளக்கும் வீணாக எரிந்துகொண்டிருந்தது. கோபம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள்.

"என்னோடதுலயும் இப்படி ஒரு ஆள் இருக்கான்க்கா," மருந்துக்கடைப் பெண் நாத்தனாரிடம் மெதுவாகச் சொன்னாள். "சும்மா சுத்திட்டே இருப்பான். பிழைன்னு நினைச்சு எடுக்கலாம்னு இருந்தேன்."

"எடுத்துடாதே தாயே. கொண்டு வந்திருக்கியா?"

"பையிலதான் இருக்கு. ஆனா முடிக்கலையே."

"அதுவா முடிஞ்சிருக்கு?" நாத்தனார் முகவாயால் திரையைக் காட்டினாள். "டீயைக் குடி. அடுத்தது நீதான்."

அந்தப் பெண் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. அண்ணியும் நாத்தனாரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். மேஜையை நகர்த்தியபோது போட்ட சண்டை அங்கேயே முடிந்துபோனது.

திரையில் மழை வலுத்தது. டிரைவர் பெட்டிக்காரப் பெண்ணை ஒவ்வொரு வாசலாக நிறுத்திப் பார்த்தார். எந்தக் கதவும் திறக்கவில்லை. திறக்காது, அந்தச் சதுக்கத்துக் கதவுகளெல்லாம் வெறும் சித்திரம். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. காற்றுக்கு எதிராகக் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இந்தப் பொண்ணை எங்க இறக்கி விடணும், டாக்டர்?"