பத்துக்கு மூணு

வளைகுடாவின் முசஃபாவில், அந்தத் தொழிலாளர் கேம்ப் அறையில் வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ முடிந்து பிரியாணி, பிரியாணி முடிந்ததும் ஜப்பான்காரனின் வெட்டுக்குத்துப் படம். கீழக்கரைக்காரன் சாதிக் பாட்ஷாதான் அந்தப் பைத்தியங்களுக்குத் தலைவன். அவன் நடத்தும் டெலிகிராம் குழுவில் ஊர்ப்பட்ட ரசிகர்கள். தலை உருண்டால் விசில், ரத்தம் பீய்ச்சினால் பத்துக்கு இத்தனை என்று மார்க். அன்பரசனும் விசிலடித்தவன்தான். ஒர்க்‌ஷாப்பில் தகடு வெட்டும் மிஷின் அவனுடைய இரண்டு விரல்களைத் தின்ற பிறகு விட்டுவிட்டான்.

அரியலூரில் அவன் மனைவி ஜெயபாரதிக்கு ஏழாம் மாதம். பிரசவம் முடியட்டும், அதுவரை விஷயம் ஊருக்குப் போகக் கூடாது என்று அறையில் ஒவ்வொருவனிடமும் கெஞ்சியிருந்தான்.

இந்த வெள்ளிக்கிழமை அன்பரசன் குழுவைத் திறந்தால், சாதிக் போட்ட புது வீடியோ. மிஷினடியில் கிடந்து அலறுவது அவனேதான். பின்னால் மேளச்சத்தம், மேலே ஜப்பான் எழுத்து. முகத்தை மட்டும் மறைத்திருந்தது. கீழே ரசிக மகாராஜாக்கள் தீர்ப்பு எழுதியிருந்தார்கள்: ‘சாயம் கம்மி. நடிப்பு படுமட்டம். பத்துக்கு மூணு.’

ஆம்புலன்சைக் கூப்பிடத்தான் சாதிக் அன்று போனை எடுத்தான் என்று இத்தனை நாளும் நன்றியோடு நினைத்திருந்தானே, பாவி மனுஷன்!

“ஏன்டா, நான் துடிச்சிக்கிட்டுக் கெடக்கேன், நீ நின்னு படம் புடிச்சியா?”

“அண்ணே, கோவப்படாதிய. மொகத்தை மறைச்சுட்டேன்ல? எல்லாரும் படம்னுதான் நெனைக்கிறாக. யாருக்குத் தெரியப் போவுது?”

அன்பரசன் அவன் சட்டையைப் பிடித்தபோது போன் அடித்தது. ஜெயபாரதி.

“என் தம்பி கூடத்துல டெலிகிராம்ல ஏதோ ஜப்பான் படம் பாத்துக்கிட்டு இருந்தான். அடுப்படியில இருந்த எனக்குக் கேட்டுச்சு. அது நீங்கதானே கத்துனது? உங்களுக்கு என்னாச்சுங்க?”

அன்பரசன் போனை சாதிக் கையில் திணித்தான்.

“படம்தான்னு நீயே சொல்லு. நீதானே எடுத்த? சொல்றா!”

சாதிக் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை வரவில்லை.

“யாரு பேசறது? ஏன் அவரு பேச மாட்டேங்கறாரு? உசுரோட இருக்காரா, இல்லையா?”

அன்பரசன் போனைப் பிடுங்கி, “இருக்கேன்மா” என்றான்.