ஆறு மில்லிமீட்டர் அதிகம்

இயற்பியல் டீச்சருக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு ஸ்வரம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கைப்பட்டதோ பாட்டுக்காரர் குடும்பத்தில். போதாக்குறைக்கு, கணவனின் தங்கைக்கு அதே பள்ளியில்தான் பாட்டு டீச்சர் வேலை. அண்ணி தாலாட்டுப் பாடினால் குழந்தை இன்னும் பலமாக அழும் என்று நாத்தனார் ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் இவளுக்கு எரிச்சல்.

மூன்று வருடமாக இவளுக்குத் தற்காலிக வேலைதான். ஒவ்வொரு விடுமுறையும் மறுபடி கூப்பிடுவார்களா என்ற கவலையிலேயே கழியும். இன்றைக்குப் பதினோரு மணிக்கு நிர்வாகக் குழு வந்து அவளுடைய வகுப்பில் உட்காரப்போகிறது. பார்த்துவிட்டு, நிரந்தரமா வீட்டுக்கா என்று சொல்லிவிடும்.

அதற்காகத்தான் அந்த எட்டுக் குழாய்கள். தண்ணீருக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, அடியில் ரப்பர் அடைப்பு வைத்து, மேல்வாயில் குறுக்காக ஊதி, ஆளுக்கொரு ஸ்வரமாக எட்டுப் பிள்ளைகளும் ஒரு மெட்டு வாசிக்க வேண்டும். கூடவே நாத்தனாரின் கீபோர்டு. எந்த ஸ்வரத்துக்கு எவ்வளவு நீளம் என்று இவளே கணக்குப் போட்டாள். பிளம்பரின் பக்கத்திலேயே நின்று மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டியும் வாங்கினாள். ஊதி மட்டும் பார்க்கவில்லை. ஊதினாலும் அவளுக்குப் புரியப்போவதில்லை. புரிகிறவளிடம் போய் நிற்க மனசு வரவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் ஊதினார்கள். ஊதிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ மாதிரி இருக்கிறது மிஸ் என்றாள் ஒருத்தி. இவள் காதுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழாய்களை அள்ளிக்கொண்டு பாட்டு அறைக்கு ஓடினாள்.

நாத்தனார் ஒவ்வொன்றாக ஊதி, கீபோர்டில் தட்டி ஒப்பிட்டுப் பார்த்தாள். கேலி எதுவும் வரவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"எல்லாமே இறங்கி நிக்குது அண்ணி. பெரிய குழாய்கூடப் பரவாயில்ல. சின்னதுதான் ரொம்ப மோசம்."

இவள் மறுபடி அளந்தாள். அளவில் பிசகே இல்லை. கணக்கை மறுபடி போட்டாள். அதிலும் இல்லை. கடிகாரம் பத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில்தான், சின்னது மட்டும் ஏன் அதிகம் மோசமாக வேண்டும் என்று தோன்றியது. எல்லாக் குழாயும் ஒரே அளவு நீண்டிருந்தால்தான் அப்படி ஆகும். பெரிய குழாய்க்கு அது உறைக்காது, சின்னதற்கு உறைக்கும். பாடப் புத்தகத்தில் பொடி எழுத்தில் ஒரு பத்தி உண்டு. தேர்வில் வராது என்று வருடா வருடம் அவள் தாண்டிப் போகும் பத்தி. காற்று குழாயின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை, வாய்க்கு வெளியேயும் கொஞ்சம் தள்ளி அதிர்கிறது என்று அதில் போட்டிருக்கும். வாய் அகலத்தை வைத்து அந்தக் கொஞ்சத்தைக் கணக்கிட்டாள். ஆறு மில்லிமீட்டர் வந்தது.

அவ்வளவையும் வெட்டிக் குறைக்கக் காவலாளியிடம் ரம்பம் வாங்கிக்கொண்டு வந்து முதல் குழாயில் வைத்தும்விட்டாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏன் வெட்டணும்? அடியில இருக்கற ரப்பரை உள்ள தள்ளினா ஆகாதா?"

இவ்வளவு படித்தும் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அளவெடுத்து அளவெடுத்து இவள் பென்சிலால் தள்ள, நாத்தனார் ஊதிப் பார்த்துத் தலையாட்டினாள். எட்டாவது குழாய்க்கும் தலையாட்டியபோதுதான் இவளுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது.

பதினோரு மணிக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். நாத்தனாரின் கீபோர்டோடு சேர்ந்து பிள்ளைகள் அழகாக வாசித்தார்கள். தலைமை ஆசிரியை கை தட்டினார். இன்ஜினியர் மட்டும் தட்டவில்லை. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒரு குழாயின் உள்ளே விட்டு அளந்தார். பிறகு போர்டைப் பார்த்தார். அவசரத்தில் நேற்றைய கணக்கை அவள் அழிக்கவே இல்லை.

"போர்டுல பதினாறு புள்ளி நாலு சென்டிமீட்டர்னு இருக்கு. குழாய்ல பதினஞ்சு புள்ளி எட்டுதான் இருக்கு. காதால கேட்டுச் சரி பண்ணிட்டு, கணக்குல வந்ததுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்றீங்களா டீச்சர்?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். சமாளிக்கிற சாமர்த்தியம் தனக்கு இல்லை என்று தெரியும். அதனால் நடந்ததையே சொன்னாள்.

"கணக்குப்படிதான் சார் வெட்டினேன். காலைல எட்டும் தப்பா ஊதுச்சு. எனக்கு ஸ்வரம் தெரியாது, பாட்டு டீச்சரைக் கேட்டுத்தான் தெரிஞ்சுது. காத்து குழாய்க்கு வெளியயும் ஆறு மில்லிமீட்டர் ஆடுது. அதை நான் கணக்குல சேர்க்காம விட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அவர் இருப்பதிலேயே சின்னக் குழாயை எடுத்து அளந்தார். போர்டில் எட்டு புள்ளி இரண்டு, குழாயில் ஏழு புள்ளி ஆறு. இன்னொன்றை அளந்தார். அதிலும் ஆறு மில்லிமீட்டர்தான் குறைந்தது. எட்டையும் அளந்து முடித்தபோது, யாரும் எழுதச் சொல்லாமலே பிள்ளைகள் அவர் வாய்விட்டுப் படித்த அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும், அந்தப் போர்டை இன்னும் ஒரு வாரத்துக்கு அழிக்க வேண்டாம் என்றார்.

அரை மணி நேரம் கழித்துத் தலைமை ஆசிரியை ஆய்வகத்துக்கு வந்து, உத்தரவு நாளைக்குக் கையில் கிடைக்கும், நிரந்தரம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

கணவன் போனில் அழைத்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். இவள் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். பக்கத்தில் நின்ற நாத்தனார் போனை வாங்கிக்கொண்டாள்.

"பயப்படாதண்ணே, வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. அண்ணி அழுதுக்கிட்டு இருக்காங்க. அழட்டும், அப்புறமா கூப்பிடு."