ஒரு கால் படியில்

1
இது ஒரு கசாக் மொழிப் படத்தால் வந்த வினை. பார்த்துவிட்டு வந்து விமர்சனம் எழுத உட்கார்ந்தவன் நான். எழுதவிடாமல் அடித்தவள் என் மனைவி. ‘நான்’ என்று எழுதினால் நியாயமெல்லாம் என் பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே இனி அவன், அவள்.

2
பரந்த பனிவெளியில் தனியாக ஒரு பெண்... [வேண்டாம். எல்லா விமர்சனமும் இப்படித்தான் தொடங்கித் தொலைக்கிறது.]

படத்தில் ஒருத்தி பனிக்கட்டியை உடைத்துச் சுமந்துவந்து, உருக்கி, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். புருஷன் நல்லவன், பாடுவான். நகரத்தில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. போகட்டுமா என்று கேட்கிறாள். அவன் பாடுகிறான். கடைசியில் பஸ் வருகிறது. அவளுடைய ஒரு கால் படியில், ஒரு கால் பனியில். அவ்வளவுதான் படம்.

“ஏறினாளா இல்லையா?” அவனோடு படம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவள், செருப்பைக் கழற்றியபடி கேட்டாள்.

“அதை நம்மகிட்ட விட்டுட்டாங்க. அதுதான் கலை.”

“நல்லா இருக்கு. டிக்கெட்டும் நாம வாங்கி, முடிவையும் நாமளே எழுதணுமா?”

3
அவள் நர்ஸ். ஆறு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில் தலைமை நர்ஸ் வேலை வந்திருக்கிறது. இன்று ஐந்து மணிக்குள் பதில் சொல்லவேண்டும். பத்து நாளாக அவனைக் கேட்கிறாள். அவன் “பார்க்கலாம்” என்கிறான். (இந்த ஒரு சொல்லை வைத்தே பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறான்.)

மணி நாலே முக்கால். ‘முடிவைச் சொல்லாமல் விட்ட இயக்குநரின் துணிச்சல்’ என்று அவன் எழுதினான். அவள் பின்னால் நின்று படித்தாள்.

“துணிச்சலா? அவளை ஒத்தக்கால்ல நிக்க வச்சுட்டு இவரு வீட்டுக்குப் போயிட்டாரு. நான் போகட்டுமா, வேண்டாமா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துருமா?”

“நீ இல்லாம நான் எப்படி...” [முடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.]

4
முதல் முடிவு: “போ” என்கிறான். (பொய்.) இரண்டாவது: “போகாதே” என்கிறான். (உண்மை. சொல்ல வெட்கம்.) மூன்றாவது: வாசகரே, உங்கள் தலையில் கட்டிவிடலாம் என்றிருந்தேன்.

அதற்குள் அவள் போனை எடுத்து, சம்மதம் என்று அனுப்பிவிட்டாள்.

“ஏறிட்டாள்னு எழுதுங்க. அப்புறம், விமர்சனத்தை எந்த ஊர்ல உட்கார்ந்தும் எழுதலாமே. பத்து நாளா அது ஏன் உங்களுக்குத் தோணவே இல்ல? பரண்ல இருந்து பெட்டி இறக்கணும். ஒண்ணா, ரெண்டா?”

“பார்க்க...” [அடித்துவிட்டேன்.]

‘அவன்’ போதும்; நான்தான். நாற்காலியை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டேன். இப்போது என் ஒரு கால் நாற்காலியில், ஒரு கால் தரையில். இதை இப்படியே விட்டால், வாசகரே, அவள் உங்களையும் சேர்த்துத் திட்டுவாள். ஆகவே சொல்லிவிடுகிறேன்: ரெண்டு பெட்டி.