கெட்டில் கைப்பிடியும் மறைத்த கமெண்டுகளும்

தாடி என்று எல்லோரும் கூப்பிடுகிற பையன் பண்ணிய காரியத்துக்கு ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்திருக்க வேண்டும். ஆனால் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

ஏழெட்டு கம்பெனிகளின் சோஷியல் மீடியா பக்கங்களை நடத்திக்கொடுப்பதுதான் அந்த ஆபீஸின் பிழைப்பு. அதில் எலக்ட்ரிக் கெட்டில் கம்பெனியின் பக்கம் தாடியின் பொறுப்பு. கூடவே, பொருளைப் புகழ்வதற்கென்று உருவாக்கிய போலி வாடிக்கையாளர்களும் அவன் பொறுப்பு. ஒருத்தர் ரிட்டயர்டு டீச்சர், ஒருத்தி புதுசாகக் கல்யாணமானவள், ஒருத்தன் ஹாஸ்டல் பையன். எல்லாருமே தாடிதான்.

காலையில் ஒரு பெண், கெட்டிலின் கைப்பிடி கழன்று, கொதிக்கிற தண்ணீர் கொட்டி வெந்துபோன தன் கையைப் படம் போட்டிருந்தாள். அதற்குக் கீழே டீச்சராக மாறி எழுதவேண்டிய தாடி, கணக்கை மாற்ற மறந்து கம்பெனி பெயரிலேயே எழுதிவிட்டான்: "நான் ரெண்டு வருஷமா இதைத்தான் யூஸ் பண்றேன். என் மருமகளுக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். சூப்பர்!"

கெட்டில் கம்பெனிக்கு ஏது மருமகள்? பார்த்தவர்கள் எல்லாம் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள்.

முதலாளி எல்லோரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் 'வைரல் ஆகணும்' என்பார். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைரல் என்றே பெயர். இப்போது நிஜமாகவே வைரல் ஆகியிருந்தது. மனுஷர் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஹேக் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாமா சார்?" என்றான் தாடி.

"நீ வாயைத் தொறக்காதே. அந்தப் பொண்ணோட பழைய போஸ்டையெல்லாம் தோண்டினேன். ஒரு படத்துல வேற கம்பெனி கெட்டில் இருக்கு. அது போதும். அவங்ககிட்ட காசு வாங்கிட்டு நடிக்கறாள்னு கிளப்பிவிடுங்க. டீச்சர், ஹாஸ்டல் பையன், எல்லாரும் இறங்கட்டும். அக்கா, என்ன எழுதணும்னு நீங்க ரெடி பண்ணிக் குடுங்க."

அக்கா என்பவள் அந்த ஆபீஸில் மூத்தவள். முதலாளிக்கே அக்கா. வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. 'உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், தனிச்செய்தியில் தொடர்பு கொள்ளுங்கள்' என்பதை விதவிதமாக எழுதுவாள். இன்னொரு வேலையும் உண்டு. புகார் வந்தால் மறைப்பது. அழிக்கக் கூடாது, அழித்தால் எழுதியவர் கண்டுபிடித்துவிடுவார். மறைத்தால் அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் அது அப்படியே தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. ஊரே படித்துவிட்டது என்று அவர் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருப்பார்.

"சார், அந்தப் பொண்ணு நடிக்கல," என்றாள் அக்கா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதே கைப்பிடி கழலுதுன்னு மாசக்கணக்கா எழுதறாங்க. அத்தனையும் மறைச்சது நான்தானே? எனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா?"

"பொருளை உசத்தி எழுதச் சொன்னீங்க, எழுதினேன். மறைக்கச் சொன்னீங்க, மறைச்சேன். கை வெந்து உக்காந்திருக்கறவளை ஃபிராடுன்னு எழுதச் சொல்றீங்க பாருங்க, அது நம்மால ஆகாது."

"இந்த பிராண்ட் போச்சுன்னா பாதிப் பேரு வீட்டுக்குப் போகணும். உங்களையும் சேர்த்து. புரியுதா?"

"புரியுது."

"அப்ப எழுதுங்க."

"மாட்டேன் சார்."

வைரல் மேஜையைத் தட்டினார். "அப்ப பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

"கிளம்பறேன். கைவேலை கொஞ்சம் பாக்கியிருக்கு, முடிச்சிட்டுக் கிளம்பறேன்."

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வீட்டு ஞாபகம் வந்தது. கணவருக்கு முதுகுவலி வந்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. இருந்தாலும் கெட்டில் பக்கத்தைத் திறந்தாள். மறைத்தவற்றின் பட்டியலுக்குப் போனாள். முதல் கமெண்டைத் தொட்டு, 'காட்டு' என்பதை அழுத்தினாள். அடுத்தது. அதற்கடுத்தது.

'கைப்பிடி கையோடு வந்துவிட்டது, நல்லவேளை தண்ணீர் ஆறியிருந்தது.' 'என் அப்பாவின் தொடையில் கொட்டிவிட்டது.' 'எத்தனை தடவை எழுதுவது, யாராவது படிக்கிறீர்களா?'

தாடி பின்னால் வந்து நின்றான். "அக்கா, என்ன பண்றீங்க?"

"மூடி வெச்சதைத் திறந்துவிடறேன்."

"ஐயோ, என் தலையில இடி விழும்க்கா!"

"நீ பாக்கலேன்னு சொல்லிடு. போய் டீ குடி."

தாடி போகவில்லை. யாரும் பார்த்துவிடாமல் மறைத்துக்கொண்டு நின்றான். கடைசிக் கமெண்டும் வெளியே வந்த பிறகுதான் வைரல் ஓடிவந்தார்.

"அக்கா! கம்பெனி மானத்தை வாங்கிட்டீங்களே!"

"நான் ஒரு எழுத்து எழுதல சார். அவங்க எழுதினதுதான் எல்லாம்."

"திரும்ப மறைங்க! இப்பவே!"

"எல்லாரும் படம் புடிச்சாச்சு சார். இப்ப மறைச்சா அதையும் புடிப்பாங்க."

பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பஸ் நிறுத்தத்தில் நின்று கணவருக்குப் போன் போட்டாள்.

"வேலை போச்சுங்க."

"நீ விட்டியா, அது உன்னை விட்டுதா?"

"ரெண்டும்தான்."

அவர் "சாப்பிட்டியா?" என்றார்.

"வந்து சாப்பிடறேன்."

போனை வைப்பதற்குள் தாடி கூப்பிட்டான். "அக்கா, கெட்டில் கம்பெனிக்காரங்க கத்தறாங்க. உடனே ஒரு அறிக்கை வேணுமாம். சார் தலையில கையை வெச்சிட்டு உக்காந்திருக்காரு. என்னை எழுதச் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் ஓடல."

"அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டு ஆரம்பி. 'வருந்துகிறோம்'னு எழுதினே, வந்து உதைப்பேன்."

"அப்புறம்?"

"கைப்பிடி கழலுதுன்னு நேரா எழுது. வித்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கறோம்னு எழுது."

"கம்பெனி ஒத்துக்குமாக்கா?"

"ஒத்துக்கலேன்னா, ஊர் வாயை அடைக்க அவங்களே உன்னை மாதிரி ஒரு டீச்சரை அனுப்பட்டும். நீ எழுதுடா."