முனியாண்டி சுவரில் ஒட்டிய ‘பி’

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வண்டி ஓட்டுபவர், ஈராண்டு முடிந்த நாளில் கண்ணாடியிலிருந்து புதிய ஓட்டுநரைக் குறிக்கும் ‘பி’ ஒட்டுவில்லையை உரித்து, வளைவிலிருக்கும் முனியாண்டி கோயிலின் பின்சுவரில் ஒட்டிவிடுவார். அத்துடன் முழு ஓட்டுநராகிவிட்டதாக ஊரே நம்பியது. தாமரையும் நம்பினாள்.

வில்லையை உரித்தால் உரிமம் மாறிவிடுமா? அந்த ஈராண்டுத் தற்காலிக உரிமத்தை முறைப்படி முழு உரிமமாக மாற்ற வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்குள் மாற்றாவிட்டால், வகுப்பு, ‘எல்’ என்னும் பயிற்சி உரிமம், தேர்வு என்று மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். இதை அந்த மலையில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. திரிங்காப் ஊரின் பூப்பண்ணையில் வேன் ஓட்டும் வேலைக்கு உரிமத்தை நீட்டியபோதுதான், அங்கிருந்த அலுவலகக் கிராணி தேதியைப் பார்த்துச் சொன்னார். அந்த ஓராண்டு இன்றோடு முடிகிறது. கைப்பேசியில் உரிமத்தை மாற்ற முயன்றாள், பதிவு ஏற்கப்படவில்லை. தானா ராத்தா டவுனில் உள்ள உரிம அலுவலக முகப்பிடம் மூடுவதற்குள் போயாக வேண்டும். தவறினால் வேலையும் போய்விடும்.

அவளே ஓட்டிச் செல்வது குற்றம். ஆகவே அவள் மாமா ஆண்டியப்பன் தன் பழைய லேண்ட்ரோவரை ஓட்டினார். பள்ளி விடுமுறை, சாலை முழுவதும் சுற்றுலா வண்டிகள் ஊர்ந்தன. டவுனை நெருங்கும்போது போலீஸ் தடுப்பு தெரிந்தது. மாமா பிரேக்கை மிதித்தார்.

“பாப்பா, இடம் மாறி உக்காரு. பொம்பளப் புள்ளன்னா விட்டுருவான் லா.”

“ஏன் மாமா? உங்க லைசன்ஸ் எங்க?”

“அது செத்து மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. திரும்ப டெஸ்ட் எடுக்கணும்னான். இந்த வயசுல ‘எல்’ மாட்டிக்கிட்டுப் போனா லயத்துல சிரிக்க மாட்டானுங்களா?”

தான் ஓட்டிப் பிடிபட்டால் தாமரைக்கு முழு உரிமம் கனவாகிவிடும். மாமா பிடிபட்டால் வண்டி போய்விடும். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தது.

“ஸ்ட்ராபெரி கடைகிட்ட ஓரங்கட்டுங்க. சாவியக் குடுங்க.”

“நீ ஓட்டப் போறியா?”

“நடக்கப் போறேன். நான் வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க மாமா.”

சாவியை வாங்கிக்கொண்டு இறங்கி, நின்றுகொண்டிருந்த வண்டிகளைத் தாண்டி இறக்கத்தில் ஓடினாள். தூறல் முகத்தில் அறைந்தது. முகப்பிடத்தின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

“நாளைக்கு வரக்கூடாதா?” என்றாள் முகப்பிட ஊழியர் திலகம், அலுப்புடன்.

“நாளைக்கு வந்தா ‘எல்’லுதான் அக்கா.”

திலகம் பழைய உரிமத்தை வாங்கித் தேதியைப் பார்த்தாள். பிறகு கணினியை மறுபடி திறந்தாள்.

தாமரை திரும்பியபோது மாமா அதே இருக்கையில் கூனிக் குறுகி அமர்ந்திருந்தார். அவரைப் பக்கத்து இருக்கைக்கு நகரச் சொல்லிவிட்டுப் புதிய உரிமத்துடன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். மாமாவின் மடியில் ஒரு சிறு பொட்டலத்தைப் போட்டாள். அவர் பிரித்துப் பார்த்தார். உள்ளே ‘எல்’ வில்லைகள் இரண்டு.

“கேலி பண்றியா?”

“டவுன்ல வாங்கினேன். நான்தான் பக்கத்துல உக்காந்து வருவேன்னு நெனைக்காதீங்க. அதுக்கு டிரைவிங் ஸ்கூல் இருக்கு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.”

வண்டியைத் திருப்பி மலையேற்றினாள். முனியாண்டி வளைவில் மாமா சுவரைப் பார்க்கவில்லை. வில்லைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.