வண்டி வயிற்றுக்கு அடியில் இரண்டு குழாய்கள்

சக்கரம் வைத்த வீடான அந்த டிரெய்லரை வரைந்த மகானுபாவன் யாரோ, அவன் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது அக்டோபர் மாதக் குளிரில், அமெரிக்காவின் வடகோடி மினசோட்டாவில், ஜல்லிக்கல் மேல் மல்லாந்து படுத்திருக்க மாட்டான். படுத்திருந்தால், தண்ணீரை வடிக்கிற குழாய்களைக் கொண்டுபோய் வண்டியின் நட்டநடு வயிற்றில், சக்கரத்து அச்சுக்குப் பின்னால், இரும்புச் சட்டத்துக்கு மேலே ஒளித்து வைத்திருப்பானா? சுடுதண்ணீருக்கு ஒன்று, பச்சைத்தண்ணீருக்கு ஒன்று. குளிர்காலம் இறங்குவதற்கு முன் இரண்டையும் திறந்து வடித்தாக வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே தங்கினாலும் ஜனவரியில் அது பனிக்கட்டியாகிக் குழாயைப் பிளந்துவிடும். வசந்தத்தில் வந்து பார்த்தால் தரையெல்லாம் ஊறிக் கிடக்கும்.

ஆகவே வருடா வருடம், கோடைக்கு மட்டும் டிரெய்லர் போட்டுத் தங்குகிற ஏரிக்கரை முகாமை மூடுகிற வாரத்தில், வண்டியின் சொந்தக்காரர் வெர்லின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டிக்கடியில் ஊர்ந்து போவார். கையை எட்டிப் பிடித்துத் திருகுவார். தண்ணீர் நேராக இறங்குமா? சட்டத்தில் மோதி, அவருடைய சட்டைக் கையில் புகுந்து, அக்குள்வரை போகும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர் அப்போது விடுகிற வசவைக் கேட்க வேண்டும். அவர் மனைவி மார்லிஸ் துண்டும் காப்பி ஃபிளாஸ்க்குமாக வெளியே நின்று சிரிப்பாள். சொல்லப்போனால், கல்யாண நாளைவிட அவளுக்குப் பிடித்த நாள் அது.

இந்த வருடம் மார்ச் மாதம் வெர்லினின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைச் சரிசெய்தார்கள். இனிமேல் மல்லாந்து படுத்துக் கையைத் தூக்கி இழுக்கிற வேலையெல்லாம் கனவில்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நகரத்து வீட்டில் அவர் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினார். டிவி பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஜூனில் முகாமுக்கு வந்த பிறகுதான் வாயே திறந்தது. டிரெய்லரின் குறுகலான கட்டிலில் அவளை இடித்துக்கொண்டு படுத்தார், ஏரியில் மீன் துள்ளியதற்கெல்லாம் அவளை எழுப்பினார். இந்த வண்டி போய்விட்டால் மனிதர் மறுபடியும் அந்த நாற்காலிக்குள் போய்விடுவார், அப்புறம் வெளியே வரவே மாட்டார் என்று மார்லிஸ் பயந்தாள்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. பக்கத்து இடத்தில் டிரெய்லர் போட்டிருக்கும் ஆர்லோ ஆகஸ்டில் ஒரு நாள் தீமூட்டி உட்கார்ந்திருக்கையில், "விக்கிறதா இருந்தா மொதல்ல என்கிட்டதான் சொல்லணும், ஆமா" என்றான். வெர்லின், "பாக்கலாம்" என்றார். அவருடைய 'பாக்கலாம்' என்ன என்று அவளுக்குத் தெரியாதா? படகைப் பற்றி ஒருமுறை 'பாக்கலாம்' என்றார். அடுத்த வாரம் படகுத்துறை காலி.

வியாழக்கிழமைகளில் அவள் சர்ச்சில் மெத்தைவிரிப்பு தைக்கப் போவாள். ஒரு வியாழன் சீக்கிரம் திரும்பியபோது, டிரெய்லருக்கு அடியிலிருந்து ஆர்லோவின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் டார்ச்சுடன் வெர்லின்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"சும்மாதான். பாத்துக்கிட்டிருக்கோம்."

"அடியில பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"மண்ணுதான்" என்றார் வெர்லின்.

ஆர்லோ தலையெல்லாம் புழுதியாக வெளியே வந்து, "நல்லா இருக்கீங்களா, மார்லிஸ்?" என்று இளித்தான். வாங்கப் போகிறவன்தான் வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பான்.

அவள் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதுதான் வராது. காப்பி வேண்டுமா என்று கேட்டால்கூட இரண்டு முறை 'வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறை கேட்டால்தான் கோப்பையை நீட்டுவார்கள். மூன்றாவது முறை மறுப்பது மரியாதைக் குறைவு. வெர்லின் மட்டும் அதற்கும் மேலே. உதவி என்று யார் வந்தாலும் மூன்றாவது முறையும் 'வேண்டாம்'தான். ஆபரேஷனுக்கு மறுநாள் தலையணையைச் சரிசெய்ய வந்த நர்ஸையே மூன்று முறை திருப்பி அனுப்பியவர். அவரிடம் போய், 'விற்காதே, எனக்காக வைத்துக்கொள்' என்று எப்படிக் கேட்பது? மார்லிஸால் முடிந்தது ஒன்றுதான். முகாம்காரர்கள் சேர்ந்து சாப்பிட்ட அன்று, தான் சுட்ட பூசணிக் கேக்கில் இருப்பதிலேயே சின்னத் துண்டாகப் பார்த்து ஆர்லோவின் தட்டில் வைத்தாள்.

மூடுகிற சனிக்கிழமை வந்தது. காலையிலேயே அடுப்பையும் வெந்நீர்க் கொதிகலனையும் அணைத்தாகிவிட்டது. முகாம் நடத்துகிறவர்கள் தண்ணீரை நிறுத்தினார்கள். வெர்லின் சாவி கொடுக்க அலுவலகத்துக்கு நடந்து போனதும், மார்லிஸ் அவருடைய மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள். அது கணுக்கால்வரை தொங்கியது. இந்தக் குழாய்க்காகத்தானே விற்கப் பார்க்கிறார்? நானே போய்த் திறந்து காட்டுகிறேன், அப்புறம் என்ன சொல்வார் பார்ப்போம் என்று வண்டிக்கடியில் நுழைந்தாள்.

ஜல்லி முதுகைக் குத்தியது. அச்சைத் தாண்டி, சட்டத்துக்கு மேலே கையைவிட்டுத் துழாவினாள். குழாய் இல்லை. இன்னும் துழாவினாள். பழைய வால்வுகள் இருந்த இடத்தில் சிவப்பும் நீலமுமாகப் புதுக்குழாய் இரண்டு முளைத்து, எங்கேயோ ஓரமாகப் போய்க்கொண்டிருந்தன. ஜல்லியில் காலடிச் சத்தம் கேட்டது. பழுப்புநிற பூட்ஸ் இரண்டு அவள் கண்ணெதிரே வந்து நின்றன.

"மார்? அங்க என்ன பண்றே நீ?" மார்லிஸ் வெர்லின் வாயில் எப்போதும் 'மார்'தான்.

"உன் வேலையைத்தான் பண்றேன். குழாயைக் காணோம்!"

"வெளில வா மொதல்ல."

"வரமாட்டேன். விக்காதேன்னு சொல்லு, வரேன். வருஷா வருஷம் நானே படுத்துத் திறந்துடறேன். எனக்கொண்ணும் கஷ்டமில்ல."

"எதை விக்கிறது?"

"வண்டியைத்தான்! ஆர்லோவுக்கு! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

பூட்ஸ் இன்னும் ஓரடி நெருங்கி வந்தன.

"குனிஞ்சு இழுக்க என்னால முடியாது, மார்" என்றார் வெர்லின். குரல் இறங்கியிருந்தது. "நீயா வந்தாத்தான் உண்டு. வண்டியை யாருக்கும் விக்கலை."

அவள் ஊர்ந்து வந்தாள். தலைமுடியில் ஒட்டியிருந்த சருகை அவர் எடுத்துப் போட்டார். பிறகு வாசற்படியைக் காட்டி, "அதுல உக்காரு. ஓரத்துல, விளிம்புக்கு உள்ள தடவிப் பாரு" என்றார்.

படியில் உட்கார்ந்து கையைவிட்டாள். தட்டுப்பட்டது. சிவப்புக் கைப்பிடி ஒன்று, நீலக் கைப்பிடி ஒன்று. படுக்க வேண்டாம், குனியக்கூட வேண்டாம்.

"கடைசில காட்டிட்டீங்களா?" என்று பக்கத்து இடத்திலிருந்து ஆர்லோ கத்தினான்.

"உன் வேலையைப் பாருடா!" என்றார் வெர்லின்.

ஆர்லோ கேட்பதாக இல்லை. "மார்லிஸ், உங்களுக்குத் தெரியுமா? இவரா வந்து கேட்டாரு. 'ஆர்லோ, எனக்கு ஒரு ஒத்தாசை வேணும்'னு. நான் பயந்தே போயிட்டேன். மனுஷன் சாகப் போறாரான்னு. கோடை பூரா, நீங்க தைக்கப் போற வியாழக்கிழமையா பாத்து, என்னைப் படுக்கப் போட்டு பக்கத்துல உக்காந்து விரட்டினாரு. 'இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் திருப்பு'ன்னு."

வெர்லின் கேட்டாரா? யாரிடமும் ஒரு தீக்குச்சிகூடக் கேட்காதவர், வாயைத் திறந்து கேட்டாரா? மார்லிஸ் மறுபடியும் கையைப் பார்த்தாள். வால்வில் இருந்தது அவளுடைய இடது கை. அவளுக்கு எல்லாமே இடது கைதான். வெர்லினுக்கு வலது. அவர் இந்தப் படியில் உட்கார்ந்தால் உடம்பை முறுக்கித்தான் இதைத் தொட முடியும்.

"இது உனக்கு வாகா இல்லையே" என்றாள்.

"எனக்கு எதுக்கு?" என்று அவர் ஏரியைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோடை முழுக்க அந்த மனிதர் தான் இல்லாத ஓர் அக்டோபரை நினைத்து வேலை பார்த்திருக்கிறார். அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிப் பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் அந்த ஊரில் பட்டப்பகலில் செய்கிற காரியமல்ல.

"எப்படித் திறக்கறதுன்னு காட்டறேன்" என்றார்.

"வேண்டாம்."

"ஒரு நிமிஷ வேலைதான்."

"வேண்டாம்னேனே."

"மார்" என்றார் மெதுவாக. "கத்துக்கோயேன்."

மூன்றாவது முறை. யாராக இருந்தாலும் 'சரி' என்று சொல்லியாக வேண்டிய முறை.

"வேண்டாம்" என்றாள். "தனியாத் திறக்கறதுக்குன்னு நான் ஒண்ணும் கத்துக்கப் போறதில்ல. கேட்டுச்சா?"

நாற்பது வருடமாக மற்றவர்களுக்கு வெர்லின் கொடுத்த மூன்றாவது 'வேண்டாம்' இப்போது அவருக்கே திரும்பி வந்திருந்தது.

"அப்ப தண்ணி உள்ளயே கெடக்கட்டுமா?"

"வா, இப்படி உக்காரு" என்று நகர்ந்தாள். ஒருவர் ஏறி இறங்கவென்று செய்த படி அது. இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "சிவப்பு எனக்கு. நீலம் உனக்கு."

"எனக்கு வாகா இல்லைன்னு இப்பதானே சொன்னே?"

"என் மேல கையைப் போட்டு எட்டிப் பிடி, கிழவா. யாரு வேண்டாம்னா?"

அவர் அவளைச் சுற்றிக் கையைக் கொண்டுவந்து நீலக் கைப்பிடியைப் பிடித்தார். அவருடைய நெஞ்சு அவள் தோளில் அழுந்தியது. உள்ளே இதயம் அடித்துக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது. சேர்ந்து திருகினார்கள்.

தண்ணீர் சீறிக்கொண்டு நேராக அவர்கள் கால்மேல் கொட்டியது. குழாயின் வாய் படியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவளுக்குக் கை எட்டுகிற இடத்தைப் பற்றியே கோடை முழுவதும் யோசித்த மனிதர், தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று திறந்தும் பார்க்கவில்லை. அவளுடைய கான்வாஸ் ஷூ நிறைந்து வழிந்தது. வெர்லின் வாயைத் திறந்து, சர்ச்சில் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னார். பிறகு இன்னொன்று. மார்லிஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணிலும் தண்ணீர் வந்தது.

"எந்த மகானுபாவன் இதை இங்க வெச்சான்?" என்றாள்.

"சிரிக்காதே. அடுத்த வருஷம் திருப்பி வெச்சுடறேன்."

அவள் சிரிப்பு நின்றது. "எப்ப?"

"அதான் சொல்றேனே, அடுத்த வருஷம். ஜூன்ல வந்ததும் மொத வேலை அதுதான்" என்றார் எரிச்சலாக. என்ன சொன்னோம் என்று அவருக்கே அதற்கப்புறம்தான் உறைத்தது. அவர் கையை எடுக்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. இருவரும் காலை நகர்த்தவில்லை.